பகலில் வெளியே வராத மாப்பிள்ளை: ரத்தக்காட்டேரிக் காதல் கதைக்கு ஓர் அரிச்சுவடி

ரத்தம் குடித்தே நூறு வருடத்தை ஓட்டிவிட்ட ஒருவனுக்கும், நாளைக்குக் கரண்டு பில் கட்டவேண்டுமே என்று கவலைப்படும் ஒரு பெண்ணுக்கும் காதல். அவன் யாரென்று ஊருக்குத் தெரியாது. வீட்டில் ஏதோ ஒன்று காணாமல் போகிறது, பழி அவன்மேல் விழுகிறது. இந்தக் கதைவகைக்கு எலும்புக்கூடு இவ்வளவுதான். பயம் இதில் ஊறுகாய் அளவு. படிப்பவர் பேருந்தில் தன்னை மறந்து சிரித்து, பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தால் கதை தேறிவிட்டது.

புதிதாக எழுத வருகிறவர்கள் சிரிப்பு, காதல், மர்மம் என்று மூன்றுக்கும் தனித்தனியாக அத்தியாயம் ஒதுக்குவார்கள். கதை மூன்று துண்டாகக் கிடக்கும். மூன்றையும் ஓட்டுவது ஒரே பொறிதான்: ரத்தக்காட்டேரிக்கு உள்ள கட்டுப்பாடுகள். ஒரு கட்டுப்பாட்டைக் கதைக்குள் சேர்க்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இதனால் ஒரு சிரிப்பு வருமா? காதலுக்கு இது குறுக்கே நிற்குமா? பின்னால் தடயமாகப் பயன்படுமா? மூன்றுக்கும் ஆமென்றால் தங்கம். இரண்டுக்கு ஆமென்றால் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மட்டும் என்றால் வெட்டிவிடுங்கள்.

இந்தச் சோதனைக்குச் செட்டிநாட்டு வீட்டைவிட நல்ல களம் கிடைக்காது. வாசல், கண்ணாடி, வெயில், பூண்டு என்று ரத்தக்காட்டேரிக்கு ஆகாத எல்லாம் அங்கே ஒரே கூரைக்குள் இருக்கின்றன. எனவே கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டை எடுத்துக்கொள்வோம். நாயகி உமையாள், அந்த வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றப் பார்க்கிறாள். நாயகன் நாச்சியப்பன், இரவில் மட்டும் கணக்கெழுத வருகிறான். இருவரும் கற்பனை.

விதிகள் யார் போட்டவை?

இதைத் தெரிந்துகொண்டால் எதை மாற்றலாம் என்ற துணிச்சல் வரும். 1725இலும் 1732இலும் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த செர்பியக் கிராமங்களில் புதைத்த பிணங்களைத் தோண்டிப் பார்த்து அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். ஐரோப்பா முழுவதும் இந்தப் பேச்சு பரவியது அப்போதுதான். அந்த ரத்தக்காட்டேரிகள் ஊதிப்போன குடியானவப் பிணங்கள், காதலுக்கு லாயக்கில்லாதவை. 1819இல் ஜான் பாலிடோரி எழுதிய கதையில்தான் அது கோட்டு போட்ட பிரபுவாக விருந்துகளுக்குள் நுழைந்தது. 1872இல் ஷெரிடன் லெ ஃபானு ஒரு பெண் ரத்தக்காட்டேரியைப் படைத்தார். தன் பழைய பெயரின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுத்தான் அவளால் புதுப்பெயர் வைத்துக்கொள்ள முடியும். மர்மக் கதைக்கு அருமையான விதி, ஏனோ பலர் மறந்துவிட்டார்கள்.

1897இல் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ விதிகளை ஒரே இடத்தில் குவித்தது: கண்ணாடியில் உருவம் தெரியாது, அழைக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது, பூண்டு ஆகாது. ஆனால் அந்த டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடப்பான், சக்திதான் குறைந்திருக்கும். வெயில் ஆளையே கொன்றுவிடும் என்பதைப் பரப்பியது 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் ஊமைப்படம். ஆக எதுவும் வேதவாக்கில்லை. நான்கு விதிகளைத் தேர்ந்தெடுங்கள், மூன்றாம் அத்தியாயத்துக்குள் நான்கையும் வாசகருக்குக் காட்டிவிடுங்கள், அதற்குப்பின் கை வைக்காதீர்கள். இருபதாம் அத்தியாயத்தில் நாயகன் திடீரென்று புகையாக மாறித் தப்பித்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். நியாயம் அவர் பக்கம்தான்.

தொனிக்கு வெளிநாடு போகவேண்டியதில்லை. முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, தூக்கிச் செல்லும் விக்கிரமாதித்தனிடமே கதை சொல்லிப் புதிர்போட்ட வேதாளம் நம்மிடம் இருக்கிறது. ஆபத்தானது, படித்தது, வாய் ஓயாதது. உங்கள் நாயகனுக்கு அதன் சாயல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

வாசல்

அழைத்தால்தான் உள்ளே வரமுடியும் என்ற விதியைச் செட்டிநாட்டில் வைத்தால் என்ன ஆகும் பாருங்கள். முதலில் திண்ணை. அது நிலைக்கதவுக்கு வெளியே இருப்பதால் அங்கே உட்கார யார் அழைப்பும் தேவையில்லை. நாச்சியப்பன் முதல் ஐந்து அத்தியாயமும் திண்ணையிலேயே கணக்கெழுதலாம். உமையாள் நிலைக்கு உள்பக்கம், அவன் வெளிப்பக்கம். இடையில் ஒரு சாண் தேக்குமரம். காதலுக்கு இதைவிட நல்ல இடைவெளி வேண்டுமா?

அடுத்து, யார் அழைக்கலாம்? இந்த வீடுகளில் முகப்பும் (முன்கூடம்) வளவும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) பொது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் பங்காகப் பிரிந்தவை. ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில் இருப்பார். அவரவர் அறைச் சாவி அவரவரிடம். உமையாள் “வாங்க” என்றால் நாச்சியப்பன் வளவுக்கும் அவள் பங்கு அறைக்கும் வரலாம். சிங்கப்பூர்ப் பங்காளியின் அறைக்குள் கால் வைக்க முடியாது. அவரிடம் அனுமதி கேட்கப் போனால் அவர் சொத்துத் தகராறு என்று நினைத்து வக்கீலைக் கூப்பிடுவார். சிரிப்பு வந்துவிட்டது.

இனி மர்மம். முகப்பில் இருந்த மூன்று பெல்ஜியம் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. பகலில் வராதவன், கண்ணாடியைக் கண்டால் ஒதுங்குகிறவன் என்று எல்லார் கண்ணும் நாச்சியப்பன்மேல். கடைசியில் கண்ணாடிகள் கிடைப்பது சிங்கப்பூர்ப் பங்காளியின் பூட்டிய அறையில், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகக் காத்திருக்கும் நிலையில். அந்த அறைக்குள் தன்னால் நுழையவே முடியாது என்பதுதான் நாச்சியப்பனுக்குள்ள ஒரே சான்று. அதைச் சொன்னால் தான் யார் என்பதையும் சொல்லவேண்டும். சொன்னால் காதல் போகும், சொல்லாவிட்டால் மானம் போகும். ஒரு விதி மூன்று வேலை செய்வது என்பது இதுதான்.

ஒரு ஓட்டையை மட்டும் அடைத்துவிடுங்கள். கல்யாண வீட்டில் வாசலில் நின்று வருகிறவர் போகிறவர் அத்தனை பேரையும் “வாங்க வாங்க” என்பார்கள். அன்றைக்கு இந்த விதி செத்துப்போகும். அதைக் கவனிக்காமல் கல்யாணக் காட்சி எழுதினால் உங்கள் சான்று உடைந்துவிடும். கவனித்து எழுதினால், அன்றைக்கு வேறு எந்த ரத்தக்காட்டேரியும் உள்ளே வந்திருக்கலாமே என்ற புதுச் சந்தேகம் இனாமாகக் கிடைக்கும்.

கண்ணாடியும் வெயிலும்

உருவம் தெரியாது என்று எழுதினால் உடனே அடுத்த கேள்வி வரும்: போட்டோவில்? பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். விதியைக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அப்போது செல்போன் கேமராவில் விழுவான், ஏனென்றால் அதில் உருவத்தைத் திருப்பிக் காட்டும் கண்ணாடி இல்லை. பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில், பார்க்கும் துளைக்குக் காட்சியை அனுப்புவது உள்ளிருக்கும் ஒரு சிறு கண்ணாடி. படம் எடுக்கும் நொடியில் அது மேலே தூக்கிக்கொள்ளும். ஆகவே போட்டோக்காரருக்குத் துளை வழியாக ஆள் தெரியமாட்டான், படத்தில் மட்டும் நிற்பான். “அண்ணே, கொஞ்சம் நடுவுல வாங்க” என்று அவர் வெற்றிடத்தைப் பார்த்துக் கத்தும் காட்சி தானாக எழுதிக்கொள்ளும். செட்டிநாட்டில் இன்னொரு தொல்லை: முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்துச் சுவரே பளபளக்கும். அதிலும் உருவம் தெரியுமா, தெரியாதா? முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

வெயிலுக்கு வளவுதான் களம். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேலே விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வெயில் வடக்குத் தாழ்வாரத்தை எட்டும், தெற்குத் தாழ்வாரம் நிழலாக இருக்கும். மார்கழிப் பகலில் நாச்சியப்பன் வடக்குத் தூணில் சாய்ந்து நின்றதாக எழுதிவிட்டால், சூரியன் போகும் திசை தெரிந்த வாசகர் ஒருவர் கட்டாயம் கேட்பார். வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டு, திசைகளைக் குறித்து, எந்த மணிக்கு எங்கே நிழல் என்று எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். மந்தமான வேலைதான், ஆனால் தப்பித்து ஓடும் காட்சிகள் இதிலிருந்துதான் பிறக்கும்.

சாப்பாட்டுச் சிக்கல்

நாயகன் மனிதரைக் கடிக்காமல் எப்படி வாழ்கிறான் என்பதற்குப் பதில் இல்லாமல் காதல் கதை நகராது. ரத்த வங்கியில் திருடுகிறான் என்று வைக்காதீர்கள். யாரோ ஒரு நோயாளிக்குப் போகவேண்டியதைக் குடித்தவனை வாசகர் மன்னிக்கமாட்டார். மனமுவந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் கணக்கு போடுங்கள். ஒருமுறை தானம் தருவது வழக்கமாக 350 மில்லி. ஆண் மறுபடி தர மூன்று மாதம் பொறுக்கவேண்டும். வாரம் 350 மில்லி தேவை என்றால் வருடத்துக்கு 52 முறை. ஒருவர் நான்கு முறை தந்தால் 13 பேர் வேண்டும். பதின்மூன்று பேர் ஒரு ரகசியத்தைக் காப்பது செட்டிநாட்டில் நடக்கிற காரியமா?

எனவே ஆட்டு ரத்தம். அது உடலை விட்டு வெளியே வந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் உறைய ஆரம்பித்துவிடும். கறிக்கடையில் கிடைப்பது கட்டிதான். குடிக்க வழியில்லை, பொரியலாகத்தான் சாப்பிடவேண்டும். நூறு வருடப் பெருமை பேசும் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் தூக்குவாளியோடு கறிக்கடை வரிசையில் நிற்கிறான். மார்கழியில் விடிய ஆறரை மணி ஆவதால் நேரம் இருக்கும். ஆனி மாதத்தில் ஆறு மணியை ஒட்டியே வெளிச்சம் வந்துவிடும், முன்னால் நிற்பவர் நெஞ்செலும்பா தொடையா என்று பேரம் பேசிக்கொண்டிருப்பார். பரபரப்புக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை.

பூண்டை இதோடு கோத்துவிடுங்கள். எதிலும் பூண்டு வேண்டாம் என்கிறான். சமையற்கட்டு ஆச்சி, “தெனமும் வெரதமா தம்பி?” என்று நெகிழ்ந்துபோகிறார். மரியாதை ஏறுகிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் அதே ஆள் கூச்சத்தோடு கேட்கிறான்: “ரத்தப் பொரியல் இருக்குமாங்க ஆச்சி? பூண்டு போடாம.” வாசகர் சிரிப்பார். ஆச்சி சிரிக்கமாட்டார். விரதக்காரனுக்கு ரத்தப் பொரியல் எதற்கு என்ற கேள்வி அவர் மனதில் விழுந்துவிட்டது.

ரத்தம் குடிக்கும் வௌவால்கள் மெக்சிகோவிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும் மட்டும் வாழ்பவை. பூட்டிக்கிடக்கும் வீடுகளில் நம்மூர் வௌவால்கள் அடைந்திருப்பது உண்மை. அவற்றைப் பயமுறுத்தப் பயன்படுத்தாமல், நாயகன் பெயரில் பழியாக விழும் எச்சத்துக்குப் பயன்படுத்தலாம்.

மர்மம் எதில் இருக்கவேண்டும்

நாயகன் ரத்தக்காட்டேரியா என்பதை மர்மமாக வைக்காதீர்கள். அட்டைப்படமே சொல்லிவிடும். வாசகருக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே தெரியட்டும். உமையாளுக்கு எட்டாவதில் தெரியட்டும். ஊருக்குத் தெரியுமா என்பதே பதற்றம். துப்பு துலக்கவேண்டியது வேறொரு சிறு குற்றம். கொலை வேண்டாம். பிணம் விழுந்த வீட்டில் காதல் வசனம் ஒட்டாது. கண்ணாடி, கதவு, பழைய பேரேடு, கழுத்திரு (கல்யாணத்தில் அணியும் தங்கத் தாலி மாலை) என்று காணாமல் போக எத்தனையோ இருக்கின்றன.

முக்கியமான தடயம் ஒவ்வொன்றும் விடை தெரியும் முன் இரண்டு முறையாவது வரவேண்டும், அதில் ஒருமுறை சிரிப்புக் காட்சிக்குள். சிரித்துக்கொண்டிருக்கும் வாசகர் எதையும் குறித்து வைப்பதில்லை. பின்னால் நினைவுபடுத்தினால் தலையில் அடித்துக்கொள்வார்.

இதற்குச் செட்டிநாடு தரும் சீதனம் பெயர். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீடுகளில் ஐயா (தாத்தா) பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். 1911ஆம் வருட ரங்கூன் கிட்டங்கிப் (தொழில் நடத்திய இடம்) பேரேட்டில் ‘அடுத்தாள் (உதவியாளர்) நாச்சியப்பன்’ என்று இருந்தாலும், சுவரில் தொங்கும் படத்தில் அதே முகம் இருந்தாலும் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

“ஐயா பேரென்ன தம்பி?”

“நாச்சியப்பனுங்க.”

“ஒம் பேரு?”

“நாச்சியப்பன்.”

“அதானே பார்த்தேன். அப்படியே அவுகளை உரிச்சு வச்சிருக்கே!”

சிரிப்பு முடிந்தது, வாசகரும் நகர்ந்துவிட்டார். பதினைந்தாம் அத்தியாயத்தில் ஆச்சிக்கு ஒன்று நினைவு வருகிறது: அந்தப் பழைய நாச்சியப்பன் வீட்டில் வாரிசு இல்லாமல் பிள்ளை கூட்டியிருந்தார்கள் (தத்தெடுத்திருந்தார்கள்). பங்காளி வீட்டுப் பிள்ளை என்றால் கொஞ்சம் சாடை வரலாம். கூட்டிய பிள்ளையின் வழியில் பேரன் இப்படி அச்சாக எப்படி வருவான்? தடயம் முன்பே வாசகர் கையில் இருந்தது, ஏமாற்று வேலை இல்லை. இந்தக் கதையில் துப்பறிவாளர் ஆச்சிதான். எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீடு என்ற மூன்று கேள்விக்குத் தாக்குப்பிடிக்கும் பொய் அடையாளம் எதுவும் கிடையாது.

அந்த வாரிசின்மைக்கு இன்னொரு அவசியமும் உண்டு. நாச்சியப்பனுக்கு 1911க்கு முன் கல்யாணமாகிக் குழந்தை இருந்திருந்தால் நாயகி அவன் கொள்ளுப்பேத்தியாக இருந்துவிடும் ஆபத்து இருக்கிறது. நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவு (ஒரே பிரிவுக்குள் வழக்கமாகக் கல்யாணம் இல்லை) இதைத் தடுத்துவிடும் என்று நினைக்கவேண்டாம். கோயில் ஆண்வழியில் வருவது. மகள் வழிப் பேத்தி வேறு கோயிலில்தான் இருப்பாள். வம்சாவளியை வரைந்து பார்க்காமல் தொடங்காதீர்கள்.

காதலும் சிரிப்பும்

நூறு வயது வித்தியாசத்தை மறைக்காமல் அதோடு விளையாடுங்கள். நாயகி வளர்ந்த பெண்ணாக, தனக்கென்று வேலையும் முடிவும் உள்ளவளாக இருக்கவேண்டும். பார்வையால் மயக்கும் சக்தி நாயகனுக்கு இருந்தால் அதை அவள்மேல் ஒருமுறைகூடப் பயன்படுத்தக்கூடாது. பயன்படுத்தினால் அவள் காதல் அவளுடையதுதானா என்ற சந்தேகம் கடைசிவரை போகாது. அந்தச் சக்தியே வேண்டாம் என்று விட்டுவிடுவது உத்தமம். மர்மத்துக்கும் அது எதிரி, குற்றவாளியைப் பார்த்தவுடன் உண்மையைக் கக்கவைத்துவிடலாமே.

நாயகன் கோமாளி ஆகக்கூடாது. அவன் எதையும் மிகுந்த கௌரவத்தோடு செய்கிறான், உலகம்தான் ஒத்துழைக்க மறுக்கிறது. பேச்சில் பழமை தெரிய வேண்டுமானால் அடுக்குமொழி தேவையில்லை, சின்ன நழுவல் போதும். 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. நாச்சியப்பன் கணக்கை மனதுக்குள் அணாவில் கூட்டிவிட்டுப் பைசாவில் எழுதினால் அவ்வப்போது ஒரு பைசா இடிக்கும். அந்த ஒரு பைசா உமையாளுக்கு முதல் சந்தேகம். அவளை அவன் ‘நீங்க’ என்றே கூப்பிடட்டும். ‘நீ’ எந்த அத்தியாயத்தில் வருகிறது என்பதை வாசகர் எண்ணிக்கொண்டிருப்பார். கிழக்கு ஐரோப்பிய நம்பிக்கைப்படி சிந்திய தானியத்தை எண்ணாமல் ரத்தக்காட்டேரி நகராது. இங்கே அதற்குப் பதில் புள்ளிக்கோலம். வாசலைத் தாண்டமுடியாமல் அவன் நின்றுவிடுவதை, கோலத்தை ரசிப்பதாக அவள் நினைக்கட்டும்.

பெரிய காட்சிக்குப் பிள்ளையார் நோன்பை வையுங்கள். கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள், 21 நூலிழைகளைத் திரியாக்கி, மாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் நோன்பு. வீட்டில் மூத்தவர் எல்லாருக்கும் இழை எடுத்துக் கொடுப்பார். இரவில் நடப்பதால் வெயில் என்ற சாக்கு செல்லாது. இருப்பவர்களில் மூத்தவன் நாச்சியப்பன்; ஆனால் எழுபத்தெட்டு வயது ஆச்சியிடம் பேரனைப் போலக் கை நீட்டி நிற்கவேண்டும், நெருப்பையும் விழுங்கவேண்டும். இங்கே நோன்பைக் கேலி செய்யாதீர்கள். மாட்டிக்கொண்டவன்தான் சிரிப்புக்குரியவன். காட்டேரியம்மனைக் கும்பிடும் குடும்பங்களும் உண்டு என்பதால், கதாபாத்திரங்கள் அந்தப் பெயரை வசையாக வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவும் முடிவும்

தொடராக எழுதினால் 24 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1200 முதல் 1500 சொல் என்று வைத்துக்கொண்டால் கை பழகும். குற்றம் நாலாவதில் தொடங்கி இருபத்திரண்டாவதில் தீரட்டும். காதல் கடைசி இரண்டில் தீரட்டும். இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் முடித்தால் குற்றவாளி பிடிபட்ட பரபரப்பில் காதல் வசனம் அமுங்கிப்போகும்.

சாவில்லாதவனும் சாகப்போகிறவளும் சேர்வதற்கு வழக்கமான வழிகள் இரண்டு: அவன் மனிதனாவது, அவளும் ரத்தக்காட்டேரி ஆவது. இரண்டாவது இந்தத் தொனிக்குக் கனம் அதிகம். முதலாவதற்கு நம்பும்படியான காரணம் கிடைப்பது அரிது. அப்படியே விட்டுவிட்டு, இருக்கும்வரை இருப்போம் என்று இருவரும் கணக்கு போட்டுக்கொள்வதும் ஒரு முடிவுதான். இலகுவான கதைக்கு அதுவே பொருந்தும். ஆனால் கல்யாணம் என்று எழுதினால் கோயிலில் புதுப் புள்ளி, அதாவது கல்யாணமானவர் பேரில் ஒரு குடும்பக் கணக்கு, சேர்க்கவேண்டும். நாச்சியப்பன் முதல் கல்யாணத்துக்கே அங்கே ஒரு புள்ளி இருக்கிறது. அதே பேர், அதே ஊர், இடையில் நூறு வருடம். நடுவில் கூட்டிய பிள்ளையின் கணக்கு எங்கே என்று கேட்க ஒரு ஆச்சி எப்படியும் இருப்பார். பதிலை முதல் அத்தியாயம் எழுதுமுன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.